யாரும் நம்பாததை எல்லோரும் கடைப்பிடிக்கும்போது

வேலை நேரம் முடிந்துவிட்ட ஓர் அலுவலகத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஏற்கெனவே படித்துவிட்ட மின்னஞ்சலை மீண்டும் திறந்து வைத்திருப்பார். இன்னொருவர் மேசையிலுள்ள தாள்களை அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் திரையைப் பார்ப்பதுபோல இருந்துகொண்டு மற்ற இருவரையும் ஓரக்கண்ணால் பார்ப்பார். மூவருக்குமே வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் மற்றவர்கள் எழாமல் இருப்பதைக் கண்டு, அவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது, அல்லது வேலையின் மீது தன்னைவிட அவர்களுக்கு அக்கறை அதிகம் என்று ஒவ்வொருவரும் முடிவு கட்டிக்கொள்கிறார். தன்னைப் பார்த்து அவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில், இருட்டிய பிறகுதான் கிளம்ப வேண்டும் என்பது அந்த இடத்தின் எழுதப்படாத விதியாகிவிடுகிறது. யாரும் ஆணையிடவில்லை, யாருக்கும் அதில் விருப்பமில்லை, ஆனாலும் புதிதாகச் சேருகிறவர் அதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்.

சமூகம் தனிமனிதனை உருவாக்குகிறது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் சட்டத்தையும் தண்டனையையும் வளர்ப்பையும் கல்வியையும் நினைக்கிறோம். அவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால் அன்றாட வாழ்வில் நம் நடத்தையை வளைப்பதில் பெரும்பகுதி, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாமாகப் போட்டுக்கொள்ளும் கணக்குதான் என்று நான் நினைக்கிறேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தை ஏற்க வேண்டுமா, உதற வேண்டுமா என்றுதான் நாம் காலங்காலமாக வாதாடி வருகிறோம். அந்த நாலு பேர் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்களா என்று விசாரித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. விசாரித்துப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த விடைகளில் பல, நம் கணக்கு அடிப்படையிலேயே பிழையாக இருக்கக்கூடும் என்று காட்டுகின்றன. சமூகச் சிக்கல்களைப் பற்றிப் பேசும் அனைவரும் இதைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குழுவிலுள்ள பெரும்பாலோர் ஒரு வழக்கத்தை மனத்துக்குள் ஏற்காமல் இருந்தும், மற்றவர்கள் எல்லோரும் ஏற்கிறார்கள் என்று தவறாக நம்பி, அதைத் தாமும் வெளியில் கடைப்பிடிக்கும் நிலையை, அமெரிக்க உளவியலாளர் ஃபிலாய்டு ஆல்போர்ட் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தனியாக இனங்கண்டு பேசினார். தமிழில் இதைக் கூட்டு அறியாமை என்று சொல்லலாம். பாடம் புரிந்ததா என்று ஆசிரியர் கேட்கும்போது வகுப்பே தலையாட்டுவது இதன் மிக எளிய வடிவம். புரியாத ஒவ்வொரு மாணவரும் தம் மௌனத்துக்கு வெட்கம் காரணம் என்று அறிவார். பக்கத்தில் இருப்பவரின் மௌனத்துக்கு மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது என்பதே காரணம் என்று எடுத்துக்கொள்வார். ஒரே நடத்தைக்கு, தனக்கு ஒரு காரணத்தையும் பிறருக்கு வேறொரு காரணத்தையும் கற்பிக்கும் இந்த வழக்கம் எல்லா மனிதரிடமும் இருக்கிறது. நம் உள்ளம் நமக்குத் திறந்து கிடக்கிறது. அடுத்தவரிடம் நாம் காண்பது முகத்தை மட்டும்தான்.

1993-இல் டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் அங்கு நிலவிய குடிப்பழக்கம் பற்றிய மனநிலையைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் குடிப்பழக்கத்தில் தமக்கிருந்த சங்கடத்தை மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சராசரி மாணவருக்கு அத்தகைய சங்கடம் தம்மளவுக்கு இல்லை என்றும் நம்பினார்கள். இல்லாத அந்தச் சராசரி மாணவரைப் போல நடந்துகொள்ளும் நெருக்குதலில் பலர் தம் மனத்தை மாற்றிக்கொள்ளவும் செய்தார்கள். பிந்தைய ஆய்வொன்றில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் இந்தக் கூட்டு அறியாமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியபோது, சில மாதங்கள் கழித்து அவர்கள் குடித்த அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. குடிப்பதில் தனிநபராக எப்படிப் பொறுப்போடு முடிவெடுப்பது என்று மட்டும் பேசியவர்களைவிட, பக்கத்து அறைக்காரரும் உங்களைப் போலத்தான் தயங்குகிறார் என்று தெரிந்துகொண்டவர்கள் அதிகம் மாறினார்கள்.

மாணவர்களின் விருந்துகளில் நிகழும் இதே பிழை, உயிர் போகும் இடத்திலும் நிகழ்கிறது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது, 38 பேர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தித்தாள் எழுதியது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்றும், உதவ முயன்றவர்களும் இருந்தார்கள் என்றும் பின்னர் தெளிவாயிற்று. இருந்தாலும் அந்தச் செய்தி ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு ஆய்வாளர்களைக் கூட்டத்தின் செயலின்மை பற்றி ஆராயத் தூண்டியது. 1968-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

ஓர் அறையில் உட்கார்ந்து வினாத்தாளை நிரப்பும்படி ஆட்களிடம் சொல்லப்பட்டது. சற்று நேரத்தில் சுவரிலிருந்த துவாரம் வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். விவரம் அறியாத மூவர் சேர்ந்து இருந்த குழுக்களில் 38 விழுக்காடு குழுக்களிலிருந்தே தகவல் வந்தது. அசையாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் ஒருவர் இருந்தபோதோ, அப்படி அமர்ந்த 10 பேரில் ஒருவர் மட்டுமே தகவல் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்துக்கு முன்னால் வந்த புகையைக் கையால் விலக்கினார்கள். ஆனாலும் வினாத்தாளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டபோது அது நீராவியாக இருக்கும், குளிர்சாதனத்திலிருந்து வந்ததாக இருக்கும் என்று பலவாறு விளக்கம் சொன்னார்களே தவிர, பக்கத்தில் இருந்தவர்கள் அசையாததைப் பார்த்துத் தாமும் அசையவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

இதில் என்னைக் கலங்கவைப்பது அவர்களின் கோழைத்தனம் அன்று. அவர்கள் கோழைகளே அல்லர். தனியாக இருந்திருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள். கண்ணெதிரே இருந்த புகைக்கு என்ன பொருள் என்பதையே அவர்கள் அடுத்தவர் முகத்திலிருந்து படித்தார்கள் என்பதுதான் கலங்கவைக்கிறது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. வேறு யாரும் வெளியே வரவில்லை. ஆகவே அது குடும்ப விவகாரம். பேருந்தில் ஒரு பெண் முகம் சுளித்து நகர்ந்து நிற்கிறாள். சுற்றியிருப்பவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இப்படியாக, கண்டுகொள்ளாமல் இருப்பது என்ற முடிவுக்கு ஒருவர் வருவதற்கு முன்பே, இது கண்டுகொள்ள வேண்டிய ஒன்றல்ல என்ற எண்ணத்தைக் கூட்டம் அவருக்குள் விதைத்துவிடுகிறது. மனிதாபிமானம் செத்துவிட்டது என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புலம்பல் தவறான இடத்தில் குற்றம் காண்கிறது.

அடுத்ததாக, உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த, பலருக்கும் தெரிந்த ஆய்வு. 1950-களின் தொடக்கத்தில் அவர் செய்தது மிக எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு; இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள்; மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் தவறான விடை மிக அரிதாகவே வரும் கேள்வி. ஆனால் உடன் இருந்தவர்கள் அனைவரும் ஆஷின் ஆட்கள். குறிப்பிட்ட சில சுற்றுகளில் அவர்கள் ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரும்பான்மையை ஒட்டி வந்தது. நான்கில் மூன்று பேர் குறைந்தது ஒரு முறையாவது கூட்டத்தோடு போனார்கள்.

மனிதன் ஆட்டுமந்தை என்பதற்குச் சான்றாகவே இந்த ஆய்வு பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. நான் அதை அப்படிப் படிக்கவில்லை. ஆஷும் அப்படிப் படிக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு விடைகள் சரியாகவே இருந்தன. நால்வரில் ஒருவர் ஒரு முறைகூட வளையவில்லை. அதைவிட முக்கியமானது, ஆஷ் தம் ஆய்வில் செய்துபார்த்த மாற்றங்கள். தவறாகச் சொல்லும் கூட்டத்தின் நடுவே ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லும்படி அவர் அமைத்தபோது, வளைந்துபோன விடைகளின் அளவு முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த ஒருவர் சரியான விடையைச் சொல்லாமல் வேறொரு தவறான விடையைச் சொன்னபோதும் நெருக்குதல் குறைந்தது. அதாவது, ஒருமித்த குரலில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் போதும். விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதித்தரச் சொன்னபோதும் பலர் கண்ணால் கண்டதையே எழுதினார்கள். அவர்கள் கண் ஒருபோதும் கெடவில்லை.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றி ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே விசையை அழுத்தினார்கள் என்ற செய்தி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. உடன் இருந்த இருவர் நடுவில் மறுத்து விலகிக்கொள்ளும்படி அமைத்த வடிவத்தில், 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள் என்ற செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. (1971-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறைச்சாலைச் சோதனையை நான் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமையாக நடந்துகொள்ளும்படி வழிகாட்டப்பட்டது என்பதற்கான பதிவுகள் வெளிவந்த பிறகு, அதை வைத்து மனித இயல்பைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.)

இதுவரை சொன்னவை ஓர் அறைக்குள், ஒரு மணி நேரத்துக்குள் நடப்பவை. தலைமுறை தலைமுறையாக நிற்கும் வழக்கங்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி எழும். இருட்டறையில் அசையாமல் இருக்கும் ஓர் ஒளிப்புள்ளி, உற்றுப் பார்க்கும்போது நகர்வதுபோலத் தோன்றும். அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று குழுவாகக் கேட்டால், ஆட்களின் மதிப்பீடுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும் என்று முசாஃபர் ஷெரிஃப் 1935-இல் காட்டியிருந்தார். 1961-இல் ஜேக்கப்ஸ், கேம்ப்பெல் இருவரும் அந்தச் சோதனையில் ஒரு திருப்பத்தைச் சேர்த்தார்கள். முதலில் தம் ஆட்களை வைத்து மிக அதிகமான ஓர் அளவைச் சொல்லவைத்தார்கள். பிறகு சுற்றுக்கு ஒருவராக அவர்களை வெளியேற்றி, விவரம் அறியாத புதியவர்களை உள்ளே அனுப்பினார்கள். பொய்யைத் தொடங்கிவைத்தவர்களில் கடைசி ஆளும் வெளியேறிய பிறகும், அந்தப் பொய்யான அளவின் தாக்கம் நாலைந்து தலைமுறைகள் வரை, அதாவது ஆள் மாறிய நாலைந்து சுற்றுகள் வரை, நீடித்துத்தான் மெல்லத் தேய்ந்தது. அந்த அறையில் அப்போது இருந்தவர்களில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. தமக்கு முன்னால் இருந்தவர்களை நம்பியவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

ஆய்வறையில் தேய்ந்துபோனது வெளியுலகில் ஏன் தேய்வதில்லை? மீறுபவர்களைக் கண்டிக்கும் ஆட்கள் வெளியுலகில் இருக்கிறார்கள். இந்தக் கண்டனத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மணமுறிவு பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு குடும்பக் கூட்டத்தில் பேச்சு எழும்போது, முதலில் ஒருவர் கடுமையாக ஒரு சொல் சொல்கிறார். அடுத்தவர் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறார். மூன்றாமவருக்கு அந்தப் பெண் செய்தது சரியென்றே படுகிறது. தம் வீட்டிலும் அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் தம்மைப் பற்றி ஐயம் வரும் என்று அஞ்சி, அவர் மற்ற இருவரையும் மிஞ்சுகிறார். பிறகு அவர் தனியே அகப்படும்போது கேட்டால், பாவம், அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள் என்பார்.

இது என் கற்பனை அல்ல என்பதற்கு ராப் வில்லரும் அவருடைய சக சமூகவியலாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு சான்றாகிறது. ஒரே மதுவை வெவ்வேறு கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்து, அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பதாகப் பிறர் சொல்வதைக் கேட்கவைத்தார்கள். பலர் கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். பிறகு ஒருவர் வேறுபாடு ஒன்றும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். அவரை மதிப்பிடச் சொன்னபோது, கூட்டத்தோடு ஒத்துப்போனவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அவருக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். தனிமையில் கேட்டபோது அவரை உயர்வாகவே மதித்தார்கள். தாம் ஒத்துப்போனது அச்சத்தால் அல்ல, உண்மையான நம்பிக்கையால்தான் என்று காட்டிக்கொள்ள, உண்மை பேசியவரைத் தண்டிக்க வேண்டியிருந்தது. கண்டிக்கும் குரல்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு வழக்கத்துக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்று கணக்கிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அந்தக் குரல்களில் ஒரு பகுதி, தம் சொந்த ஐயத்தை மூடி மறைப்பதற்காக எழுப்பப்படுவது.

அந்த மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைச் சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தில் மூன்று பொருளியலாளர்கள் செய்து பார்த்தார்கள். 2020-இல் வெளிவந்த ஆய்வு அது. மணமான இளைஞர்களைக் குழுக்களாக அழைத்து, பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று ஒவ்வொருவரிடமும் பெயர் குறிப்பிடாத வகையில் கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் போகலாம் என்றார்கள். இதே அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, உண்மையான எண்ணிக்கையைவிட மிகக் குறைவாகவே ஊகித்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கை தெரிவிக்கப்பட்டது. பிறகு, மனைவிக்கு வேலை தேடித்தரும் ஒரு செயலியில் பதிவு செய்ய விருப்பமா என்று அனைவரிடமும் கேட்கப்பட்டது. எண்ணிக்கை தெரியாதவர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினர் பதிவு செய்தார்கள். தெரிந்தவர்களில் 32 விழுக்காட்டினர். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, உண்மை தெரிந்தவர்களின் மனைவியர் வெளிவேலைக்கு விண்ணப்பித்ததும் நேர்காணலுக்குப் போனதும் கூடுதலாக இருந்தது. பெண்ணுரிமை பற்றிய போதனை எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மனத்தில் இருந்த எண்ணம்தான் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இங்கே, சமூகக் கேடுகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் மேடையில் பேசுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பார்வையாளர்கள் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போவதைத் தடுக்க என்ன எழுதிவைக்கலாம் என்று ராபர்ட் சால்டினியும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். பலர் இங்கிருந்து துண்டுகளை எடுத்துச் சென்றதால் இந்த வனம் சீரழிகிறது என்ற பொருளில் எழுதிய பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு காணாமல்போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதியிருந்தபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே போயின. முதல் பலகை கண்டித்துக்கொண்டே, எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னது. எல்லோரும் லஞ்சம் வாங்குகிறார்கள், யாரும் வரி கட்டுவதில்லை, எந்த ஆணும் வீட்டுவேலை செய்வதில்லை, இந்தக் காலத்தில் யாருக்கும் நேர்மை இல்லை என்று நாம் ஆத்திரத்தோடு சொல்லும் ஒவ்வொரு முறையும் அப்படியொரு பலகையைத்தான் நடுகிறோம். நேர்மையாக இருக்க விரும்பும் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தாம் மட்டும் ஏமாளி என்ற முடிவுக்கு வருகிறார். கேட்டை மறைக்கச் சொல்லவில்லை. அதைச் செய்யாதவர்களும் மறுத்தவர்களும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதையும் அதே உரத்த குரலில் சொல்ல வேண்டும் என்கிறேன்.

ஆனால் எல்லாமே தவறான ஊகம்தான், உண்மையைச் சொல்லிவிட்டால் கட்டுகள் அவிழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சில வழக்கங்களில் எல்லோருக்கும் எல்லோருடைய மனமும் தெரிந்தாலும் தனியாக ஒருவர் விலக முடியாது. சீனாவில் பல நூற்றாண்டுகள் நிலவிய, சிறுமியரின் பாதங்களைக் கட்டி ஒடுக்கும் வழக்கம் அப்படிப்பட்டது. மகளின் வலியைப் பார்த்துத் துடிக்காத தாய் இருந்திருக்க மாட்டாள். ஆனால் கட்டாத பாதமுள்ள பெண்ணுக்கு மணமகன் கிடைக்க மாட்டான் என்ற நிலையில், தன் மகளை மட்டும் விடுவிப்பது அவளை வேறு விதத்தில் தண்டிப்பதாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இயற்கைப் பாதச் சங்கங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. எங்கள் பெண்களின் பாதங்களைக் கட்ட மாட்டோம் என்பதோடு நில்லாமல், எங்கள் மகன்களைப் பாதம் கட்டப்பட்ட பெண்களுக்கு மணம் முடிக்க மாட்டோம் என்றும் பெற்றோர்கள் கூட்டாக உறுதியளித்தார்கள். இரண்டாவது உறுதிதான் முதலாவதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு காலம் அசையாமல் நின்ற வழக்கம், பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் சரிந்தது. தனிமனிதத் துணிச்சலைப் போற்றிப் பாடுவதைவிட, சேர்ந்து விலகுவதற்கான ஏற்பாடு பல இடங்களில் பயன் தரும்.

முதலில் விலகுபவர் யார் என்பதும் முக்கியம். நார்வேயில் 1993-இல், குழந்தை பிறந்ததும் தந்தையருக்கென்றே ஒதுக்கப்பட்ட விடுப்பு அறிமுகமானது. அதன் பரவலை ஆராய்ந்தபோது, உடன் பணிபுரியும் ஒருவர் விடுப்பு எடுத்திருந்தால் மற்றவர் எடுக்கும் வாய்ப்பு 11 விழுக்காட்டுப் புள்ளிகளும், சகோதரர் எடுத்திருந்தால் 15 விழுக்காட்டுப் புள்ளிகளும் கூடியது தெரியவந்தது. எடுத்தவர் மேலாளராக இருந்தால் தாக்கம் இன்னும் பெரிதாக இருந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒரே உரிமையைத்தான் கொடுத்தது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதால் பணியில் பின்தங்கிவிட மாட்டோம் என்ற உறுதியை மேலாளரின் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தது.

இதை நானும் ஒரு பணியிடத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் முதுகுவலி என்று சொல்லித்தான் விடுப்பு எடுப்பார். அந்தப் பொய்க்குப் பொருந்துமாறு நாற்காலியில் ஒரு தலையணையும் வைத்திருந்தார். அந்தப் பிரிவின் மூத்தவர் ஒருநாள், சாதாரணப் பேச்சின் நடுவே, தாம் சில ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதாகவும், அன்று மாலை மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதால் கூட்டத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கூட்டத்தின் நேரம் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். அடுத்து வந்த மாதங்களில் முதுகுவலிக்காரர் உட்பட இன்னும் சிலர் தம் நிலையை அவரவர் நெருங்கியவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவில் மனநலம் பற்றி முன்பு பலமுறை கருத்தரங்குகள் நடந்திருந்தன, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. அவை எதுவும் அந்தத் தலையணையை அகற்றவில்லை.

ஆனால் அதே பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றியவர்கள் அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பது பெருமளவு ஊகம். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவருக்கு அது பிழைப்பு. அவருடைய அச்சம் கணக்குப் பிழை அல்ல. யூதர்களின் பழைய சட்ட மரபில், மரண தண்டனை வழக்குகளில் நீதிபதிகள் கருத்துச் சொல்லும்போது, மூத்தவரின் பேச்சு மற்றவர்களை வளைத்துவிடாமல் இருக்க, வரிசையின் ஓரத்தில் இருந்த இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று விதி இருந்தது. இளையவரின் துணிச்சலை அந்த விதி நம்பியிருக்கவில்லை. முறையை மாற்றி அவரைக் காத்தது. பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் குடும்பங்களிலும், பேசினால் உண்மையிலேயே இழக்கக்கூடியவர்களிடம் பேசுங்கள், பேசுங்கள் என்று ஊக்கமூட்டுவதை நிறுத்திவிட்டு, பெயர் சொல்லாமல் கருத்துத் தெரிவிக்கும் வழியையும், சொன்னதற்காகப் பணி பறிபோகாது என்ற எழுத்துபூர்வமான உறுதியையும் முதலில் ஏற்படுத்த வேண்டும்.